பொது மண் தரவுத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் பரிசோதனை நிலையம், வேளாண் கல்லூரி, நீர்வடிப்பகுதித் திட்டம், தொண்டு நிறுவனம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கும் மண் முடிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து, அதிலிருந்து டிஜிட்டல் மண் வரைபடம் போட முனைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன.

மண் வரைபடம்தான் பல காலமா இருக்கே. டிஜிட்டல் மண் வரைபடம்னா அதை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போடுறதுதானே?

இல்லை. பழைய முறையில் மண் ஆய்வாளர் நிலத்தை நடந்து பார்த்து, குழி வெட்டி, ஒரே மாதிரி மண் உள்ள பகுதியைச் சுற்றிக் கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருகூர் தொடர்ச் செம்மண் (தொடர் என்பது மண் வகைக்கு ஊர்ப் பெயரால் இடும் பெயர்), அந்தப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம் தொடர்க் கரிசல் என்று வரும். டிஜிட்டல் முறையில் கோடு கிடையாது. நிலம் சிறு கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் களி எத்தனை சதவீதம், கரிமம் எவ்வளவு என்று கணிப்பு வரும். அந்தக் கணிப்பு எவ்வளவு தவறலாம் என்பதும் கூடவே வரும்.

தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து மண்ணை ஆக்குகின்றன என்று 1941-இல் ஹான்ஸ் ஜென்னி வகுத்தார். 2003-இல் மெக்பிராட்னி, மென்டோன்சா சாண்டோஸ், மினாஸ்னி மூவரும் அந்தப் பட்டியலோடு ஏற்கெனவே தெரிந்த மண் தகவலையும் இருப்பிடத்தையும் சேர்த்து ‘ஸ்கார்பன்’ என்ற வாய்பாட்டைத் தந்தார்கள். இன்று மழை, உயரம், சரிவு, செயற்கைக்கோள் படம் எல்லாம் ஊர் முழுவதற்கும் கிடைக்கின்றன. மண்ணை நேரில் அளந்த புள்ளிகள்தான் குறைவு. கணினி இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கற்றுக்கொண்டு, அளக்காத இடத்துக்குக் கணிப்புச் சொல்கிறது. புள்ளி தப்பென்றால் கற்றதும் தப்பு. அதனால் வரைபடத்துக்கு முன்னால் தரவுத்தளத்தைச் சரியாகக் கட்ட வேண்டும்.

மண்வள அட்டைத் திட்டத்துல கோடிக்கணக்கா முடிவு இருக்கே. அதை அப்படியே எடுத்துப் போட்டா முடிஞ்சுதே?

2015-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய சொத்துதான். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்து, 12 குணங்களைப் பார்த்தார்கள். அப்படியே போட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. ஒரு கட்டத்தில் எடுத்த ஒரே மாதிரியின் முடிவு அந்தக் கட்டத்திலுள்ள எல்லா விவசாயிகளின் அட்டையிலும் அச்சாகியிருக்கும். அட்டைகளை எண்ணினால் ஒரே அளவீடு பத்து முறை வரும். முதலில் மாதிரி எண்ணை வைத்து ஒன்றாக்க வேண்டும்.

இன்னொன்று, அது மேல்மண் மட்டும், சுமார் 15 செ.மீ. வரை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அட்டை சொல்லாது. மணல், வண்டல், களி விகிதமும் அந்த 12-இல் இல்லை. ஆழத்துக்கும் களிக்கும் தேசிய மண் அளவை மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனத்தின் குழி விவரங்கள், கல்லூரி ஆய்வேடுகள், பழைய மண் அளவை அறிக்கைகள் இவைதான் துணை. அட்டைத் தரவு அகலம் தரும், குழித் தரவு ஆழம் தரும், இரண்டும் வேண்டும்.

எங்ககிட்ட இருக்கிறது ஒரு எக்செல் ஃபைல், ஒரு வரிக்கு ஒரு மாதிரி, 40 காலம் (நெடுவரிசை). எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

அந்தக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அசலைப் பூட்டி வையுங்கள். பிறகு நான்கு அட்டவணையாகப் பிரியுங்கள். முதலாவது இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை, அது எப்படிக் கிடைத்தது, எத்தனை மீட்டர் தவறலாம். இரண்டாவது வருகை: எந்தத் தேதி, யார் திட்டம், அப்போது என்ன பயிர், குழியா துளைப்பானா கூட்டு மாதிரியா (பல இடத்து மண்ணைக் கலந்தது). மூன்றாவது அடுக்கு: மேல் ஆழம், கீழ் ஆழம் (இரண்டும் செ.மீ.), நிறம், சரளை சதவீதம். நான்காவது முடிவு: எந்த அடுக்கு, எந்தக் குணம், எந்த முறை, எந்த அலகு, என்ன எண், எந்த ஆய்வகம், எந்தத் தேதி.

நான்காவதில் ஒரு வரிக்கு ஒரே ஒரு எண்தான். ‘பிஎச்’ (அமில-காரத் தன்மை) என்று ஒரு நெடுவரிசை வைத்தால், நாளை வேறு முறையில் அளந்த பிஎச் வரும்போது அதையும் அதே நெடுவரிசையில் திணிக்கத் தோன்றும், முறை மறைந்துவிடும். நீள வடிவில் வைத்தால் புதிய குணமோ புதிய முறையோ வந்தாலும் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை. மண் தரவைப் பரிமாறிக்கொள்ள ஐஎஸ்ஓ 28258 என்ற தரநிலை இருக்கிறது. அதன் அடிப்படையும் ஏறக்குறைய இதே பிரிப்புதான்.

ஊர் பேரும் சர்வே நம்பரும் இருக்கு, ஜிபிஎஸ் இல்லை. பரவாயில்லையா?

சர்வே எண் இருந்தால் புல எல்லை வரைபடத்திலிருந்து அந்தப் புலத்தின் நடுப்புள்ளியை எடுக்கலாம். பிழை அளவு என்ற இடத்தில் புலத்தின் பாதி நீளத்தைப் போடுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் பிழை ஒன்றிரண்டு கிலோமீட்டர். அதைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் 30 மீட்டர் கட்டங்களாக உள்ள நில உயரப் படத்தோடு ஒட்டவும் வேண்டாம். மேட்டு மண்ணை ஓடை ஓரச் சரிவோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

ஜிபிஎஸ் இருக்கிற தரவும் அப்படியே நம்பத் தக்கதல்ல. தவறுகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கும். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். தமிழ்நாட்டில் அட்சம் 8 முதல் 13.6, தீர்க்கம் 76.2 முதல் 80.4, மாறிப் போட்டால் புள்ளி வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் அருகே போய் விழும். இது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது பாகை-கலை-விகலைக் குழப்பம். 11 பாகை 0 கலை 45 விகலை என்பது 11.0125. அதை 11.0045 என்று எழுதியிருந்தால் புள்ளி ஏறத்தாழ 885 மீட்டர் தெற்கே நகர்ந்திருக்கும், ஆனால் பக்கத்து ஊரிலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தசமப் பகுதியின் முதல் இரண்டு இலக்கமும் அடுத்த இரண்டு இலக்கமும் எந்தப் பதிவிலும் 59-ஐத் தாண்டவில்லை என்றால், அந்தக் கோப்பு முழுவதும் இந்தத் தவறு இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

பாகைக்குப் பதில் மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் எண்களாக வந்தால், எந்த மண்டலம் என்று கேளுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகை திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிறது. அதற்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. கோயம்புத்தூர்ப் புள்ளியை 44 என்று படித்தால் வங்காள விரிகுடாவில் நிற்கும். பழைய இந்திய நில அளவைத் தாள்களிலிருந்து எடுத்த எண்கள் எவரெஸ்ட் என்ற பழைய நில அளவை அடித்தளத்தில் இருக்கும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடித்தளத்துக்கு மாற்றாமல் போட்டால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். கடைசியாக, பல மாதிரிகளுக்கு ஒரே புள்ளி இருந்தால், அது மாதிரி எடுத்த இடமா, விவரத்தைப் பதிவு செய்த அலுவலகமா என்று பாருங்கள்.

கூட்டு மாதிரிக்கு எந்த இடத்தோட ஜிபிஎஸ் போடணும்?

வயலில் 15, 20 இடத்தில் ஆங்கில வி வடிவக் குழி வெட்டிச் சேர்த்த மாதிரி என்றால், வயலின் நடுவில் நின்று எடுங்கள். கூடவே எத்தனை துணை மாதிரி, எவ்வளவு பரப்பு என்று எழுதுங்கள். ஒரு ஏக்கரின் சராசரியும் ஒரு குழியின் அளவீடும் ஒரே தரமான எண்கள் அல்ல. தென்னந்தோப்பு, பாக்குத்தோப்புக்குள் செல்பேசி ஜிபிஎஸ் தடுமாறும். திரையில் காட்டும் பிழை 10 மீட்டருக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, அந்தப் பிழை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேப்ல பிஎச் 1:2.5-ல பாக்குறாங்க, இன்னொண்ணுல 1:2. சேர்த்துடலாமா?

இவை மண்ணுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். பிஎச்சில் 1:2-க்கும் 1:2.5-க்கும் வேறுபாடு சிறிது, சேர்க்கலாம். முறை மட்டும் பதிவில் இருக்க வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்த பிஎச் வேறு. அது தண்ணீரில் அளந்ததைவிடப் பெரும்பாலும் அரை அலகுக்கு மேல் குறைந்து வரும். அதை மாற்றாமல் கலந்தால் நல்ல நிலம் அமில நிலமாகத் தெரியும்.

மண்ணின் உப்பைக் காட்டும் மின் கடத்துதிறனில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். உவர் மண்ணுக்கான 4 டெசிசைமன்/மீட்டர் என்ற எல்லை, நிறைவுற்ற மண்கூழிலிருந்து பிழிந்தெடுத்த நீருக்கானது. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் 1:2 அல்லது 1:2.5 கரைசலில் பார்க்கின்றன. நீர் அதிகம் சேர்வதால் எண் பல மடங்கு குறைந்துவிடும், மணல் மண்ணில் இன்னும் அதிகமாகக் குறையும். இராமநாதபுரம் கரையோர மணற்பாங்கான மண்ணில் 1.5 என்று வந்ததைப் பார்த்து உவர் இல்லை என்று வரைபடம் சொன்னால், அதை நம்பி நட்ட பயிர் கருகும்.

கரிமத்தில் குழப்பம் இரு பக்கமும் உண்டு. வேதிப்பொருளால் கரிமத்தை எரித்து அளக்கும் வாக்லி-பிளாக் முறை எல்லாக் கரிமத்தையும் எரிப்பதில்லை. 77 சதவீதம்தான் எரிகிறது என்று கொண்டு 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். அந்த ஆய்வகம் பெருக்கித் தந்ததா, பெருக்காமல் தந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். உலர் எரிப்புக் கருவி எல்லாவற்றையும் எரிக்கும், சுண்ணாம்பில் உள்ள கரிமத்தையும் சேர்த்து. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 12 சதவீதம் கரிமம். ஆகவே 5 சதவீதச் சுண்ணாம்பு உள்ள கரிசலில் 0.6 சதவீதம் கரிமம் கூடுதலாகத் தெரியும். நம் மண்ணின் மொத்த அங்ககக் கரிமமே பல இடங்களில் அவ்வளவுதான். அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்கினார்களா என்பது அங்கே முதல் கேள்வி. குளோரைடு மிகுந்த உவர் மண்ணில் வாக்லி-பிளாக் எண்ணும் உயர்ந்து வரும். அங்ககக் கரிமத்தை 1.724-ஆல் பெருக்கி அங்ககப் பொருளாகத் தந்தவர்களும் உண்டு. தலைப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்ப மணல், வண்டல், களி? அதுல என்ன முறை வேறுபாடு?

களி எல்லா முறையிலும் 0.002 மி.மீ.க்குக் கீழ். ஆனால் வண்டலின் மேல் எல்லை அமெரிக்க முறையில் 0.05 மி.மீ., பழைய பன்னாட்டு முறையில் 0.02 மி.மீ. நம் பழைய அறிக்கைகளில் இரண்டாவது அதிகம். எனவே களியை அப்படியே சேர்க்கலாம். வண்டலையும் மணலையும் சேர்க்கக் கூடாது. ஹைட்ரோமீட்டரா பிப்பெட்டா என்பதையும், சுண்ணாம்பை நீக்கிய பிறகு பார்த்தார்களா என்பதையும் குறியுங்கள்.

மணிச்சத்து ஒருத்தர் கிலோ/ஹெக்டேர்ங்கிறார், ஒருத்தர் பிபிஎம்ங்கிறார், இன்னொருத்தர் ஏக்கர்ங்கிறார்…

பிபிஎம்மை 2.24-ஆல் பெருக்கினால் கிலோ/ஹெக்டேர் என்பது ஆய்வக வழக்கம். இது 15 செ.மீ. மண் ஒரு ஹெக்டேருக்கு 22.4 லட்சம் கிலோ இருக்கும் என்ற கணக்கு. எல்லா மண்ணும் அந்த எடை இல்லை என்பதால், தரவுத்தளத்தில் மி.கி./கி.கி.யாக (அதாவது பிபிஎம்) மாற்றி வையுங்கள், வந்த அலகையும் அசல் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். பாஸ்பரஸா, பாஸ்பரஸ் பென்டாக்சைடா என்றும் பாருங்கள், இடைவெளி 2.29 மடங்கு. பொட்டாசியத்துக்கும் பொட்டாசியம் ஆக்சைடுக்கும் 1.205. மணிச்சத்தைப் பிரித்தெடுக்க ஓல்சன் முறையும் பிரே முறையும் வேறு வேறு கரைசல்களைப் பயன்படுத்துகின்றன. நீலகிரியின் அமில மண்ணுக்குப் பிரே, கோவைச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன். இவற்றை ஒரே குணமாகச் சேர்க்க வேண்டாம்.

வேற வேற லேப் முடிவைச் சேர்க்க ஏதாவது வாய்பாடு உண்டா?

புத்தக வாய்பாட்டைவிட உங்கள் ஆய்வகங்களுக்குள்ளேயே ஒரு மாற்றுக் கணக்கு போடுவது நல்லது. செம்மண், கரிசல், டெல்டா வண்டல், மலை மண் எல்லாம் கலந்து 40, 50 மாதிரிகளை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நன்றாகக் கலந்து பங்கிட்டு எல்லா ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். வந்த முடிவுகளை ஒன்றுக்கொன்று வைத்து வரைந்தால், எந்த ஆய்வகம் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று தெரியும். அதோடு, இனி வரும் ஒவ்வொரு 20 மாதிரிக்கும் ஒன்றை வேறு எண் ஒட்டி மறுபடி அனுப்புங்கள். சலித்த மண்ணில் 500 கிராம் மூடிய டப்பாவில் காப்பில் இருக்கட்டும். பிறகு முறை மாறினால் அதே மண்ணை மறுபடி பார்க்கலாம்.

பழைய குழி விவரத்துல ஆழம் 0–18, 18–43, 43–90-னு இருக்கு. நம்ம வரைபடத்துக்கு 0–30 வேணுமே?

அசல் ஆழத்தை மாற்றாமல் தரவுத்தளத்தில் வையுங்கள். கணிப்புக்கு எடுக்கும்போது மட்டும் மாற்றுங்கள். எளிய வழி, தடிமனை வைத்துச் சராசரி. முதல் அடுக்கில் கரிமம் 0.8, இரண்டாவதில் 0.5 என்றால், 0–30 செ.மீ.க்கு 18 × 0.8 + 12 × 0.5 = 20.4, 30-ஆல் வகுத்தால் 0.68.

உலக அளவில் 0–5, 5–15, 15–30, 30–60, 60–100, 100–200 செ.மீ. என்ற ஆறு ஆழங்கள் வழக்கத்தில் உள்ளன. அந்த மெல்லிய அடுக்குகளுக்குச் சராசரி போதாது. ஒவ்வொரு அடுக்கின் மொத்தமும் மாறாதபடி வளைகோடு பொருத்தும் சம பரப்பு ஸ்பிளைன் முறையைப் பயன்படுத்துவார்கள். அதற்குமுன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று சோதியுங்கள். 60 செ.மீ.யில் பாறை தட்டிய குழியை 200 வரை நீட்டக் கூடாது. ‘கீழே பாறை’ என்பதே ஒரு தகவல், அதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

பருமன் அடர்த்தி யாருமே பாக்கலை. இல்லாம கரிம இருப்பு கணக்கு போட முடியாதா?

பருமன் அடர்த்தி என்பது ஒரு கன அளவு மண்ணின் உலர் எடை. அதை அளக்காமலும் போடலாம், ஆனால் அது கணித்த அடர்த்தி என்று அடையாளம் வைத்து. களியையும் கரிமத்தையும் வைத்து அடர்த்தியைக் கணிக்கும் சமன்பாடுகள் இருக்கின்றன. உங்கள் பகுதியில் உருளை அடித்து எடுத்த சில டஜன் அளவீடுகளோடு ஒப்பிட்டபின் பயன்படுத்துங்கள். விரிந்து சுருங்கும் கரிசலில் ஈரத்தோடு அடர்த்தியும் மாறும், எடுத்த நாளின் ஈரப்பதத்தையும் எழுத வேண்டும்.

அடர்த்தியைவிட அதிகம் மறக்கப்படுவது சரளை. 0.6 சதவீதம் கரிமம், கன செ.மீ.க்கு 1.4 கிராம் அடர்த்தி, 30 செ.மீ. ஆழம் என்றால் ஹெக்டேருக்கு 25.2 டன். அந்த மண்ணின் கன அளவில் கால்பங்கு சரளை என்றால் 18.9 டன்தான். ஆய்வகம் 2 மி.மீ.க்குக் கீழே சலித்த மண்ணை மட்டும் பார்க்கிறது. மேலே தங்கிய சரளையை எடை போட்டு எழுதாமல் கொட்டிவிட்டால், அந்த ஆறு டன் பிழையைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

‘கண்டறியப்படவில்லை’னு வந்த இடத்துல 0 போட்டுடலாமா?

கூடாது. ‘0.1-க்குக் கீழ்’ என்றால் எல்லை 0.1 என்று ஒரு நெடுவரிசையிலும், ‘கீழ்’ என்ற குறி இன்னொரு நெடுவரிசையிலும் இருக்கட்டும். பார்க்கவே இல்லை என்றால் வெற்றிடம். -9999 போடும் பழக்கம் வேண்டாம். யாரோ ஒருவர் சராசரி எடுக்கும்போது அது உள்ளே போய்விடும்.

விவசாயிக்கு வேணுங்கிறது தழை, மணி, சாம்பல் சத்து மேப்புதானே? அதுலயே ஆரம்பிக்கலாமே?

ஆசை நியாயம்தான், ஆனால் அவை கடைசியில் வர வேண்டியவை. கிடைக்கும் தழைச்சத்து பருவத்துக்குப் பருவம் மாறும். மணிச்சத்து போன வருடம் யார் எத்தனை மூட்டை டிஏபி போட்டார் என்பதைக் காட்டும். சரிவையும் மழையையும் வைத்து அதைக் கணிக்க முடியாது. வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண் வேறாக இருக்கும். களி, மண் ஆழம், பிஎச், கரிமம், சுண்ணாம்பு இவற்றில் தொடங்குங்கள். நீர் எவ்வளவு நிற்கும், துத்தநாகக் குறை எங்கே வரக்கூடும் என்பதெல்லாம் இவற்றிலிருந்து தெரியும். உரப் பரிந்துரைக்கு அந்த வயலின் மண்ணையே பரிசோதிப்பதற்கு மாற்று இல்லை.

எத்தனை புள்ளி இருந்தா போதும்? புதுசா எங்க எடுக்கணும்?

அருகாமையை மட்டும் வைத்துக் கணிக்கும் கிரிகிங் முறையைப் போடுவதானால், மாறுபாட்டு வரைவு (தூரம் கூடக் கூட எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டுவது) நிலையாக வர 100 முதல் 150 புள்ளியாவது வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். மழை, உயரம் போன்ற துணைப்படங்களை வைத்துக் கற்கும் முறையில் எண்ணிக்கையைவிடப் பரவல் முக்கியம். உயரம், சரிவு, மழை, பாறை வகை இவற்றின் முழு வீச்சும் புள்ளிகளில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சாலையோரமும் பாசன நிலமும் நிறைந்திருக்கும். புறம்போக்கு, காடு, மேட்டு மானாவாரி காலியாக இருக்கும். நிபந்தனையுடன் கூடிய லத்தீன் ஹைப்பர்கியூப் என்ற தேர்வு முறை, ஏற்கெனவே உள்ள புள்ளிகளைக் கணக்கில் கொண்டு, விடுபட்ட இடங்களை எடுத்துக் கொடுக்கும். போக முடியாத பாறை முகடு வந்தால் என்ன செய்வது என்று முன்பே மாற்று இடங்களைத் தேர்ந்து வையுங்கள். களத்தில் நின்று வசதியான இடத்துக்கு நகர்த்தினால் பழைய சாய்வு திரும்ப வந்துவிடும்.

தரவைக் கொடுத்தா விவசாயி பேர், நிலம் எல்லாம் வெளிய போயிடுமே? எங்க உழைப்பை வேற யாரோ தன் பேர்ல போட்டுக்குவாங்களே?

பெயர், செல்பேசி எண், ஆதார், பட்டா எண் எதுவும் பொதுத் தரவுத்தளத்துக்கு வரவே கூடாது. 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் கொண்டு அவற்றைத் தந்தவரிடமே விட்டுவிடுங்கள். துல்லியமான புள்ளியே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எல்லாரும் பார்க்கும் பதிப்பில் ஒரு கிலோமீட்டர் கட்டமாக மழுக்கியும், எழுத்து ஒப்பந்தம் போட்டவர்களுக்குச் சரியான இடத்தையும் தரலாம். அதற்கும் மனமில்லாத நிறுவனம் இருந்தால், கணிப்பு நிரலை அவர்கள் கணினிக்கு அனுப்பி ஓட்டச் சொல்லலாம்.

உரிமையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி உரிமமும் மேற்கோள் வரியும் கொடுங்கள். தந்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு 4.0 பலருக்கும் ஒத்துவரும். முடிவு அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் மூலத் தொகுப்பின் குறியீடு இருந்தால், எந்த வரைபடத்தில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று எண்ணியே காட்டலாம்.

என்ன சாஃப்ட்வேர் வாங்கணும்?

எதுவும் வாங்க வேண்டாம். தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ், அதில் இடத் தகவலுக்குப் போஸ்ட்ஜிஐஎஸ், வரைபடம் பார்க்க கியூஜிஐஎஸ், களப்பதிவுக்கு ஓடிகே, கணக்குக்கு ஆர் மொழி. மாதிரிப் பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக கியூஆர் சீட்டு வையுங்கள். ஈர மண்ணில் மை அழியும், உள்ளே உள்ளதைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும்.

சாயில்கிரிட்ஸ்ல உலகம் முழுக்க 250 மீட்டர்ல இருக்கே. நாம ஏன் கஷ்டப்படணும்?

நெதர்லாந்தின் வாகனிங்கனில் உள்ள ஐஎஸ்ஆர்ஐசி நிறுவனத்தின் நல்ல வேலை அது. ஆனால் அதுவும் உலகெங்கும் பகிரப்பட்ட புள்ளிகளிலிருந்து கற்றதுதான். நாம் தராத இடத்தில் வேறெங்கோ உள்ள மண்ணை வைத்துக் கணித்திருக்கும். அதை ஒரு துணைப்படமாக உள்ளே கொடுத்து உள்ளூர்ப் புள்ளிகளால் திருத்துவது பலன் தரும். அலகைப் பாருங்கள்: பிஎச் 10-ஆல் பெருக்கியது, கரிமம் 120 என்றால் கிலோவுக்கு 12 கிராம், அதாவது 1.2 சதவீதம்.

ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டோம், ஆர் ஸ்கொயர் 0.9 வந்துச்சு. சந்தோஷப்படலாமா?

ரேண்டம் ஃபாரஸ்ட் என்பது பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை; ஆர் ஸ்கொயர் 1-ஐ நெருங்கினால் கணிப்பு அளவீட்டோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பொருள். ஆனாலும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரே குழியின் மேல் அடுக்கு கற்கும் பக்கத்திலும் கீழ் அடுக்கு சோதிக்கும் பக்கத்திலும் போயிருக்கலாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன அட்டை நகல்கள் ஒன்றாக்கப்படாமல் இரண்டு பக்கமும் பரவியிருக்கலாம். மாதிரி எடுத்த ஊர்கள் கொத்துக் கொத்தாக இருந்தால், பக்கத்து வயலைப் பார்த்துச் சொன்ன விடைக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். குழி வாரியாகவும், பிறகு ஒன்றியம் வாரியாகவும் முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். எண் இறங்கும்.

ஆனால் அந்தச் சோதனை மாதிரி எடுக்காத ஒன்றியத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. புள்ளி நெருங்கிய பகுதியில் உண்மைப் பிழை அதைவிடக் குறைவாக இருக்கலாம். வரைபடம் முழுவதற்கும் நேர்மையான ஒரே எண் வேண்டுமென்றால், கற்கப் பயன்படுத்தாத புள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து புதிதாக அளக்க வேண்டும். பிழை வீச்சையும் சோதியுங்கள்: 90 சதவீத வீச்சு என்று சொன்னால், சோதனைப் புள்ளிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் அதற்குள் விழ வேண்டும். 60 தான் விழுந்தது என்றால் வரைபடம் தன் தவறைக் குறைத்துச் சொல்கிறது.

வெளியிட்ட பிறகு தப்பு கண்டுபிடிச்சா அந்த வரியைத் திருத்திடலாமா?

பழைய வரியை அழிக்காமல் புதிய வரி சேருங்கள். எந்தத் தேதியில், யார், ஏன் மாற்றினார் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பதிப்பு எண் போட்டு உறைய வைத்து வெளியிடுங்கள். ஒருவர் வரைபடம் போட்டால் எந்தப் பதிப்பிலிருந்து என்று குறிப்பிட முடியும், இன்னொருவர் அதே பதிப்பை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கவும் முடியும். தவறைச் சுட்டிய விவசாயிக்கோ ஆய்வகத்துக்கோ எந்தப் பதிப்பில் அது சரியாகும் என்று பதில் எழுதுங்கள். அடுத்த தவறையும் அவர்களே கண்டு சொல்வார்கள்.